கொடைக்கு முன் நீதி: தொழில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு

(சேத்தியாத்தோப்பில் ஆற்றிய ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 

 

அண்மைக் காலமாக ஒரு சொல் நம் செவிகளில் அடிக்கடி விழுகின்றது. பள்ளிக்கூட வாசலில் குடிநீர் இயந்திரம் ஒன்று நிற்கின்றது. அதன் நெற்றியில் ஒரு நிறுவனத்தின் பெயரும், அதன் கீழே 'சி.எஸ்.ஆர். நிதி' என்ற எழுத்துக்களும் காணப்படுகின்றன. பேருந்து நிழற்குடையிலும் மருத்துவமனைக் கட்டிலிலும் அதே எழுத்துக்கள். "இது என்ன ஹஜ்ரத்? கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் ஸதகாவா?" என்று ஓர் இளைஞர் என்னிடம் வினவினார். அவர் கேட்ட கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்ல எனக்கு இயலவில்லை. ஆகவே அதையே இன்றைய உரையின் பொருளாக எடுத்துக்கொள்கின்றேன்.

வணிகமும் வாணிபமும் மிம்பரில் பேசத் தக்கவையா என்று எவரும் ஐயுற வேண்டாம். நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தூதுத்துவத்திற்கு முன்பு வணிகராக வாழ்ந்தவர்கள். அளவையில் மோசடி செய்வோரை எச்சரிப்பதற்கென்றே 'அல்முதஃப்பிஃபீன்' என்னும் பெயரில் ஓர் அத்தியாயம் திருக்குர்ஆனில் உள்ளது. கடைத்தெருவும் மார்க்கத்தின் எல்லைக்குள்தான் அடங்குகின்றது.

சட்டம் கூறுவது என்ன?

சி.எஸ்.ஆர். என்பதைத் தமிழில் 'பெருநிறுவனச் சமூகப் பொறுப்பு' என்பர். ஒரு நிறுவனம் தான் ஈட்டும் லாபத்தில் ஒரு பகுதியைச் சமூக நலனுக்குச் செலவிட வேண்டும் என்பது அதன் சுருக்கம். பல நாடுகளில் இது நிறுவனங்களின் விருப்பத்திற்கு விடப்பட்டிருக்கின்றது. நம் நாட்டிலோ 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு இதைக் கடமையாக்கியது. 2014 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

எல்லா நிறுவனங்களுக்கும் இக்கடமை இல்லை. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது ஆண்டு விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்ற மூன்று அளவுகளில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனத்திற்கே உண்டு. அது முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். ஒரு நிறுவனம் மூன்று ஆண்டுகளில் முறையே 80, 100, 120 கோடி லாபம் ஈட்டியது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 100 கோடி. அதில் 2 சதவீதம் 2 கோடி. அவ்வளவே கணக்கு.

பசி, கல்வி, மருத்துவம், குடிநீர், சுற்றுச்சூழல், கிராம வளர்ச்சி எனச் செலவிடத் தக்க துறைகளைச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை வரிசைப்படுத்துகின்றது. தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கின்றது. குறித்த தொகையைச் செலவிடாமல் வைத்துக்கொண்டால், அதை அரசு குறிப்பிட்ட நிதிக்கு மாற்ற வேண்டும். தொடர் திட்டத்திற்குரியதாயின் தனிக் கணக்கில் போட வேண்டும். தவறினால் அபராதம் உண்டு. இக்கடுமை 2021-ஆம் ஆண்டு விதிகளுடன் சேர்ந்து நடைமுறைக்கு வந்தது.

அதே விதிகளில் இன்னொரு செய்தியும் இருக்கின்றது. அதை நீங்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். வேறு எந்தச் சட்டத்தினாலும் ஏற்கெனவே கடமையாகிவிட்ட ஒன்றை நிறைவேற்றிவிட்டு, அதைச் சி.எஸ்.ஆர். கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்தரும் செலவு, தன் பொருளை விளம்பரப்படுத்தும் செலவு, அரசியல் கட்சிக்கு அளித்த நன்கொடை ஆகியவற்றையும் சேர்க்க முடியாது. அதாவது, கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தர்மம் செய்தேன் என்று சொல்லக் கூடாது. உலகச் சட்டம் கூறும் இந்த நியாயம் நம் மார்க்கத்திற்கு எவ்வளவு நெருக்கமானது!

ஸகாத்தும் இரண்டு சதவீதமும்

"அவர்களுக்கு இரண்டு, நமக்கு இரண்டரை, இரண்டும் ஒன்றுதானே?" எனச் சிலர் கருதுகின்றனர். அன்று, சகோதரர்களே! நிறுவனம் லாபத்தில் மட்டுமே 2 சதவீதம் கொடுக்கின்றது. வணிகரின் ஸகாத்தோ லாபத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஓராண்டு நிறைவுற்ற வணிகச் செல்வம் முழுவதையும் பார்க்கின்றது. ஹனஃபி மத்ஹபின் கணக்குப்படி, ஒருவரின் கடையில் இன்றைய விலைமதிப்பில் 8 லட்ச ரூபாய்ச் சரக்கு, கையிருப்பு 1 லட்சம், வரவேண்டிய பாக்கி 1 லட்சம், அவர் கொடுக்க வேண்டிய கடன் 2 லட்சம் என்றால், எஞ்சிய 8 லட்சத்திற்கு இரண்டரை சதவீதமாகிய 20,000 ரூபாய் ஸகாத் ஆகும். அவ்வாண்டு வியாபாரம் மந்தமாக இருந்து லாபமே கிடைக்காவிட்டாலும் அக்கடமை நீங்குவதில்லை.

இரண்டாவது வேறுபாடு: சி.எஸ்.ஆர். பணியில் நிறுவனம் தன் பெயரைப் பொறித்துக்கொள்கின்றது. ஸகாத்தைப் பெறுபவரோ அதைத் தமக்குரிய உரிமையாகவே பெறுகின்றார். கொடுப்பவர் சொல்லிக்காட்டினால் நன்மை பாழாகிவிடும். மூன்றாவது, எல்லாவற்றினும் பெரிய வேறுபாடு: நிறுவனம் அரசுக்குக் கணக்குக் காட்டுகின்றது, முஃமின் அல்லாஹ்வுக்குக் கணக்குக் காட்டுகின்றான். தணிக்கையாளரின் கண்ணுக்குத் தப்பியது அவனுடைய பார்வைக்குத் தப்பாது.

இக்கருத்து பிறந்த கதை

வணிகருக்குச் சமூகத்தின்பால் பொறுப்பு உண்டா என்ற வாதம் மேலைநாடுகளில் நெடுங்காலம் நடந்தது. 1953-இல் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஹோவர்ட் போவன் 'வணிகரின் சமூகப் பொறுப்புகள்' என்ற பொருளில் நூலொன்று எழுதினார். 1970-இல் மில்டன் ஃப்ரீட்மன் என்ற மற்றோர் அறிஞர் அதற்கு நேர்மாறான கருத்தை நாளிதழ்க் கட்டுரை ஒன்றில் முன்வைத்தார். நாட்டுச் சட்டத்திற்கும் நேர்மையான போட்டிக்கும் உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதே நிறுவனத்தின் பொறுப்பு; தர்மம் செய்ய விரும்பும் பங்குதாரர் தம் சொந்தப் பணத்தில் செய்துகொள்ளட்டும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

1984-இல் எட்வர்ட் ஃப்ரீமன் என்பவர் வேறொரு கேள்வியை எழுப்பினார். நிறுவனத்தில் பணம் போட்டவர் மட்டும்தான் அதற்கு உரிமையுள்ளவரா? உழைக்கும் தொழிலாளி, வாங்கும் வாடிக்கையாளர், சரக்குத் தரும் வியாபாரி, ஆலையின் புகையைச் சுவாசிக்கும் பக்கத்து ஊர்க்காரர் ஆகியோருக்கும் அதில் தொடர்பில்லையா? இத்தகையோர் அனைவரையும் 'தொடர்புடையோர்' என்னும் ஒரே பெயரால் அவர் அழைத்தார். 1994-இல் ஜான் எல்கிங்டன் என்பவர் லாபத்தை மட்டும் கணக்கிடாமல், மக்களுக்கும் பூமிக்கும் நேர்ந்த நன்மை தீமைகளையும் சேர்த்து மூன்று கணக்கு எழுத வேண்டும் என்றார். நம் நாட்டில் அதற்கும் முன்பே காந்தியடிகள், செல்வந்தர் தம் செல்வத்திற்கு உரிமையாளர் அல்லர், தர்மகர்த்தாவே என்னும் கருத்தை வலியுறுத்தி வந்தார்.

முஸ்லிமுக்கு இது புதிய செய்தியன்று. செல்வம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மதீனாவில் தண்ணீர் விலைக்கு விற்கப்பட்ட காலத்தில், ரூமா கிணற்றைப் பெரும் பொருள் கொடுத்து வாங்கி மக்கள் அனைவரும் அருந்துமாறு வக்ஃபு செய்தார்கள் உஸ்மான் (ரலி) அவர்கள். வணிகர் ஒருவர் சமூகத்திற்கு ஆற்றிய பொறுப்புக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேண்டுமா?

நம் வாசலில் நடந்தவை

அன்பர்களே! தொலைவில் உள்ளவற்றை விட்டு நம் வாசலுக்கு வருவோம். சேத்தியாத்தோப்பில் வாழும் நாம் நெய்வேலியை அறியாதவர்கள் அல்லோம். 1956-இல் பொதுத்துறை நிறுவனமாகத் தோற்றம்பெற்ற அந்நிறுவனம் தோண்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரியால் பல மாநிலங்களில் விளக்கு எரிகின்றது. நம் பிள்ளைகள் பலருக்கு அங்கே ஊதியம் கிடைத்திருக்கின்றது. அந்நன்மையை மறுப்பது நன்றி கெட்ட செயல்.

நம் ஊரை ஒட்டிய வாலாஜா ஏரியை எண்ணிப் பாருங்கள். சுரங்கப் பகுதியிலிருந்து நீரோடு வந்த மண்ணும் வண்டலும் சேர்ந்து அந்த ஏரி பல்லாண்டுகள் தூர்ந்து கிடந்தது. 2010-களில் அதே நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியைக் கொண்டு ஏரி தூர்வாரப்பட்டது. மீண்டும் நீர் நின்றது, பாசனம் பெருகியது. நல்ல செயல், பாராட்டுகின்றோம். எனினும் சிந்திக்கும் உள்ளம் ஒரு கேள்வியையும் கேட்கும்: என் சரக்கு வண்டியால் அயலவரின் வேலி சாய்ந்தது; நானே அதை நிமிர்த்திக் கொடுத்தேன். இது நான் செய்த தர்மமா, நான் தீர்த்த கடனா? இக்கேள்வியைக் கேட்பது நன்றியின்மை ஆகாது. நீதிக்கும் கொடைக்கும் உள்ள எல்லையை அறிந்துகொள்வதே இதன் நோக்கம்.

அடுத்து, 2023 ஜூலை மாதம். சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பரவனாற்றின் பாதையை மாற்றிக் கால்வாய் வெட்டுவதற்காக, கதிர்விட இருந்த நெற்பயிர்மீது இயந்திரங்கள் இறக்கப்பட்டன. அந்நிலங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே சட்டப்படி கையகப்படுத்தப்பட்டவை, இழப்பீடும் வழங்கப்பட்டது என்றது நிறுவனம். இழப்பீடு போதாது, வேலைவாய்ப்பு வேண்டும், நட்ட பயிரை அறுக்கவாவது விடுங்கள் என்றனர் விவசாயிகள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்திற்குச் சென்றது. அறுவடை வரை பொறுத்திருக்கலாகாதா என நீதிமன்றம் வேதனையோடு வினவியது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வீதம் வழங்க ஆணையிட்டது.

யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்பளிப்பது மிம்பரின் வேலையன்று. அதற்கு நீதிமன்றங்கள் உள்ளன. ஆனால் இதிலுள்ள பாடம் நமக்குரியது. பத்திரம் நம் பெயரில் இருக்கலாம்; சட்டம் நம் பக்கம் இருக்கலாம்; எனினும் பச்சைப் பயிரின்மீது கை வைக்கும்போது உள்ளம் நடுங்க வேண்டும். உரிமை வேறு, அதைப் பயன்படுத்தும் முறையில் காட்டும் இரக்கம் வேறு. ஏரியைத் தூர்வாரிய கையும் வயலில் இயந்திரத்தை இறக்கிய கையும் ஒரே நிறுவனத்தின் கைகளே. ஒரு கையின் நன்மை மறுகையின் செயலைத் தானாகவே அழித்துவிடுமா? இதுவே இன்றைய உரையின் மையக் கேள்வி.

நன்மையின் போர்வை

இரு நிகழ்ச்சிகளைக் கேளுங்கள். விபத்து நேர்ந்தால் 108-ஐ அழைக்கின்றோம் அல்லவா? அந்த அவசர ஊர்தித் திட்டத்தை 2005-இல் ஹைதராபாதில் தொடங்கியது, சத்யம் என்னும் மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் உருவாக்கிய அறக்கட்டளை அமைப்பாகும். எண்ணற்ற உயிர்களைக் காத்த பணி அது. சிறந்த நிர்வாகத்திற்கான விருதையும் சத்யம் நிறுவனம் 2008-இல் பெற்றது. 2009 ஜனவரி 7 அன்று, இல்லாத பணத்தை இருப்பதாகப் பல்லாண்டுகள் கணக்கெழுதி வந்ததை அதன் தலைவரே கடிதத்தில் ஒப்புக்கொண்டார். மோசடி பல ஆயிரம் கோடி. சேமிப்பைப் பங்குகளில் போட்ட சாமானியர்கள் கலங்கி நின்றனர். ஊர்தி செய்த நன்மை உண்மை. கணக்கில் செய்த பொய்யும் உண்மை.

கொடைக்கானலில் ஒரு பன்னாட்டு நிறுவனத்திற்குச் சொந்தமான வெப்பமானித் தொழிற்சாலை இயங்கியது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவுகள் வெளியே விற்கப்பட்டது தெரியவந்து, 2001-இல் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டதோ 2016-இல். இடையே பதினைந்து ஆண்டுகள்! உலகெங்கும் சுகாதாரத்தைப் போதிக்கும் நிறுவனத்தின் வாசலில் தொழிலாளி அத்தனை ஆண்டுகள் காத்திருந்தார்.

தீங்கை மறைக்க நன்மையை விளம்பரப்படுத்துவதை 'பசுமைப் பூச்சு' என இன்று அழைக்கின்றனர். சுவரில் விரிசல் இருக்க, அதன்மேல் பச்சை வண்ணம் பூசுவது போன்றது அது.

திவாலானவர் யார்?

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை தோழர்களிடம், திவாலானவர் யார் தெரியுமா என வினவினார்கள். பணமும் பொருளும் இல்லாதவரே என்று தோழர்கள் விடையளித்தனர். அதுவல்ல என்று விளக்கினார்கள் நாயகம். மறுமையில் ஒருவர் தொழுகை, நோன்பு, ஸகாத் ஆகிய நன்மைகளுடன் வருவார். ஆனால் அவர் ஒருவரைத் திட்டியிருப்பார், ஒருவர்மீது அவதூறு கூறியிருப்பார், ஒருவருடைய பொருளை அநியாயமாக உண்டிருப்பார், ஒருவரைக் காயப்படுத்தியிருப்பார். பாதிக்கப்பட்டவர்களுக்கு அவருடைய நன்மைகள் பங்கிடப்படும். நன்மைகள் தீர்ந்துபோனால் அவர்களுடைய பாவங்கள் இவர்மீது சுமத்தப்படும். இக்கருத்துடைய ஹதீஸ் முஸ்லிம் கிரந்தத்தில் பதிவாகியுள்ளது.

கவனியுங்கள்! அந்த மனிதர் ஸகாத் கொடுக்காதவர் அல்லர், கொடுத்தவர். கொடுத்தும் திவாலானார். காரணம், கொடை அவருடைய கணக்கின் ஒரு பக்கத்தில்தான் இருந்தது. பிறருக்கு இழைத்த அநியாயம் மறுபக்கத்தில் இருந்தது. இரண்டு சதவீதத்தை எப்படிச் செலவிட்டாய் என்று மட்டும் கேட்பது நாட்டுச் சட்டத்தின் சி.எஸ்.ஆர். பிரிவு. எஞ்சிய தொண்ணூற்றெட்டு சதவீதத்தை எப்படிச் சம்பாதித்தாய் என்று கேட்பது மறுமையின் விசாரணை.

நம் கடைக்குத் திரும்புவோம்

"இதெல்லாம் பெரிய நிறுவனங்களுக்கு, நான் கடைத்தெருவில் சிறு கடை வைத்திருப்பவன்" என்று எண்ணிவிடாதீர்கள். ஐந்நூறு கோடி என்ற வரம்பு நாட்டுச் சட்டத்திற்கு. அல்லாஹ்வின் சட்டத்தில் தராசு உள்ள ஒவ்வொருவருக்கும் பொறுப்பு உண்டு.

உங்கள் கடையில் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்ணுக்கு அமர ஓர் இருக்கை உண்டா? 2021-இல் தமிழக அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வழங்குவதைக் கட்டாயமாக்கியது. அல்லாஹ்வின் அச்சம் உடையவருக்கு அச்சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவை இருந்ததா? வியர்வை உலருமுன் கூலி கொடுங்கள் என்ற நபிமொழியை மேடையில் பேசுகின்றோம்; நம் பணியாளரின் சென்ற மாதச் சம்பளத்தில் பாதி இன்னும் நம் கல்லாவில் இருக்கின்றதே!

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்ததை அடியில் மறைத்து வைத்திருந்தார் வியாபாரி. மேலே வைத்திருக்கலாமே, மக்கள் பார்த்து வாங்கியிருப்பார்களே எனக் கண்டித்தார்கள் நாயகம். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வணிகர். பழுதுள்ள துணி ஒன்றைக் குறையைச் சொல்லாமல் அவருடைய கூட்டாளி மறதியாக விற்றுவிட்டார். வாங்கியவரைக் கண்டுபிடிக்க இயலாமற்போகவே, அந்த விற்பனைத் தொகை முழுவதையும் இமாம் அவர்கள் தர்மம் செய்துவிட்டார்கள் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். அதைத் தம் கொடையாக அவர்கள் கருதவில்லை. தம் வணிகத்தைத் தூய்மைப்படுத்தும் செயலாகவே கருதினார்கள்.

வளைகுடாவில் உழைத்துப் பொருள் அனுப்பும் மக்களே! லால்பேட்டையிலும் பரங்கிப்பேட்டையிலும் நம்மூரிலும் உங்கள் பணத்தால் வீடுகள் எழுகின்றன. மகிழ்ச்சி. வீட்டின் கழிவுநீரை வாய்க்காலில் விட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் பளிங்குத் தரை போடுவதில் என்ன பயன்? வாய்க்காலின் கடைமடையில் உள்ளவரும் நம் 'தொடர்புடையோர்' அல்லவா?

கொடுப்போரிடம் கேட்க வேண்டியவை

நம் ஊருக்கு ஒரு நிறுவனம் உதவி செய்ய முன்வந்தால் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கைநீட்டுமுன் சிலவற்றைச் செய்யுங்கள்.

முதலாவதாக, ஊரின் தேவை என்ன என்பதை ஊரே முடிவு செய்யட்டும். பெண்களையும் அயல்சமுதாய மக்களையும் கலந்து பேசுங்கள். குடிநீர் வேண்டிய இடத்தில் நிழற்குடை வந்து நிற்பது ஏன்? நாம் கேட்காததுதான் காரணம்.

இரண்டாவதாக, பராமரிப்பு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் பெறுங்கள். திறப்புவிழா முடிந்து ஆறு மாதத்தில் பழுதான குடிநீர் இயந்திரங்களை நான் கண்டிருக்கின்றேன். பெயர்ப்பலகை மட்டும் பளபளத்துக்கொண்டிருந்தது.

மூன்றாவதாக, கணக்கைப் படியுங்கள். எந்தத் திட்டத்திற்கு எவ்வளவு செலவிட்டது என்பதை நிறுவனம் தன் ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும். நம் கல்லூரி மாணவர்கள் இதைப் படித்து ஜமாஅத்துக்கு எடுத்துச் சொல்லலாம். நம் அறக்கட்டளைகள் இத்தகைய நிதியைப் பெற விரும்பினால், வருமான வரித்துறைப் பதிவும், நிறுவன விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவும், மூன்றாண்டுப் பணி அனுபவமும் வேண்டும். பிறரிடம் கணக்குக் கேட்பவரின் கணக்கு முதலில் சுத்தமாக இருக்க வேண்டும்.

நான்காவதாக, உதவியைப் பெற்றதற்காக உண்மையை விற்றுவிடாதீர்கள். குடிநீர் தந்த நிறுவனம் அயலூர்க் கிணற்றைக் கெடுத்தால், தந்தமைக்கு நன்றியும் கெடுத்தமைக்குக் கண்டனமும் ஆகிய இரண்டையும் நாவால் சொல்லும் துணிவு வேண்டும். வளையமாதேவி வயலின் நெல்லுக்கு மதம் கிடையாது. அழுத விவசாயி நம் அண்டை வீட்டார்.

அந்த இளைஞரின் கேள்விக்கு இப்போது விடை சொல்கின்றேன். தம்பி, கம்பெனிக்காரர்கள் கொடுப்பது ஸதகா அன்று. சட்டம் விதித்த கடமை. அதை முறையாகக் கேட்டுப் பெறுவதில் இழிவில்லை. ஆனால் நீ நாளை ஒரு தொழில் தொடங்கினால், எவ்வளவு கொடுக்கின்றாய் என்பதற்கு முன் எப்படிச் சம்பாதிக்கின்றாய் என்பதை உன்னிடமே கேட்டுக்கொள்.

இன்று மாலை கடையைத் திறக்குமுன், யாருக்கு நான் என்ன பாக்கி வைத்திருக்கின்றேன் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கூலி பாக்கி, அளவைக் குறை, அயலவருக்கு இழைத்த இடையூறு எல்லாவற்றையும் எழுதுங்கள். அதைத் தீர்த்த பிறகு உண்டியலை நோக்கிக் கையை நீட்டுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்குவாயாக! பிறர் உரிமையை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவராமல் எங்களைக் காப்பாயாக! மறுமையில் திவாலானோர் கூட்டத்தில் எங்களைச் சேர்த்துவிடாதே! எங்கள் ஊரின் ஏரிகளையும் வயல்களையும், அவற்றை நம்பி வாழும் எல்லா மக்களையும் காத்தருள்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.